ஏறத் தெரிந்தால் போதுமா?

குருத்தோலை ஞாயிறன்று நம் கைகளில் அசையும் இளங்குருத்து எத்தனை அடி உயரத்திலிருந்து இறங்கி வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? நாள்தோறும் நம் அடுப்படியில் அரைபடும் தேங்காயும், குழம்பில் கரையும் புளியும், கோடையில் நாவறட்சியைத் தீர்க்கும் இளநீரும் நுங்கும் தாமாகத் தரைக்கு வருவதில்லை. யாரோ ஒருவர் உயிரைப் பணயம் வைத்து ஏறி, அதைவிடக் கடினமான ஒரு காரியத்தையும் செய்து முடித்த பின்னரே அவை நம் வீடு வந்து சேர்கின்றன. அக்கடினமான காரியம், பத்திரமாக இறங்குவது.

நமது கொங்கு நாடு மரங்களை நம்பி வாழும் நாடு. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பகுதிகளில் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னந்தோப்புகள். சாலையோரங்களிலும் தோட்டத்து வரப்புகளிலும் புளியும் வேம்பும் பனையும். வால்பாறை மலையிலே தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள். இவற்றிலெல்லாம் ஏறி இறங்குவோர் பெரும்பாலும் நாட்கூலி பெறும் ஏழைகள். அவர்கள் தவறி விழுந்தால் முறிவது ஒருவருடைய முதுகெலும்பு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வருவாய், பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் முதுமைக்கால ஆதரவு யாவும் ஒரு நொடியில் சரிந்து விடுகின்றன. ஆகவே, மரத்திலிருந்து பாதுகாப்பாக இறங்கும் முறைகளைக் குறித்து நாம் அறிந்து கொள்வது மரமேறுவோருக்கு மட்டுமன்றி, அவர்களை வேலைக்கு அழைக்கும் நமக்கும் கடமையாகிறது.

இறங்கும்போதே ஆபத்து

மரமேறும் அன்பர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏறுவது எளிது, இறங்குவதே சங்கடம் என்பார்கள். காரணம் தெளிவானது. ஏறும்போது உடலில் தெம்பு இருக்கிறது, கண் மேலே பார்க்கிறது, அடுத்த பிடி எங்கே என்பது தெரிகிறது. இறங்கும்போதோ கை கால்கள் சோர்ந்து விடுகின்றன. பாதம் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேலை முடிந்து விட்டது என்னும் நினைப்பில் மனமும் சற்றுத் தளர்ந்து விடுகிறது.

இவற்றோடு வேறு இடர்களும் சேர்கின்றன. மழையில் நனைந்த தென்னையின் உடல் வழுக்கும். பச்சை மட்டை என்று நம்பிப் பிடித்தது காய்ந்த மட்டையாக இருந்தால் அடியோடு கழன்று கையோடு வந்து விடும். பன்னாடைக்குள் குளவிக்கூடு இருக்கலாம். பக்கத்திலே மின்கம்பி செல்லலாம். முதல் நாள் இரவு குடித்த மதுவின் மயக்கம் முற்றும் தெளியாமல் இருக்கலாம்.

உயரத்தின் கொடுமையை ஒரு சிறு கணக்கு விளக்கும். 20 மீட்டர், அதாவது ஏறத்தாழ 65 அடி உயரத்திலிருந்து விழும் மனிதன் இரண்டே விநாடிகளில் தரையை அடைகிறான். அப்பொழுது அவனுடைய வேகம் மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர். நன்கு வளர்ந்த நெட்டைத் தென்னை இந்த உயரத்தையும் தாண்டக்கூடியது. இரண்டு விநாடிகளில் எதையும் பற்றிக்கொள்ள இயலாது. காப்பு என்பது விழுவதற்கு முன்பே உடலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும்.

முன்னோர் கண்ட வழிகள்

நம் முன்னோர் இதை அறியாதவர்களல்லர். பனையேறுவோர் காலில் தளைநார் மாட்டி, மார்பையும் கைகளையும் மரத்தோடு அணைத்து, காலை மாலை இரு வேளையும் ஏறி இறங்கிய திறமை வியப்புக்குரியது. அத்திறமை முழுவதும் அவர்களது தசையிலும் பழக்கத்திலும் இருந்தது. தலை சுற்றினாலோ, கை மரத்துப் போனாலோ, அவர்களைத் தாங்கிக்கொள்ள வேறு எதுவும் இல்லை. தளைநார் பாதங்களுக்குப் பிடிப்பைத் தந்ததேயன்றி உடலைக் காக்கவில்லை.

ஆனைமலைக் காடுகளில் வாழும் காடர் இனத்தார் வேறொரு வழியைக் கண்டார்கள். வானளாவிய காட்டு மரங்களில் மூங்கில் முளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து ஏறிச் சென்று தேன் எடுப்பது அவர்கள் வழக்கம். தென்னிந்தியக் குலங்களைப் பற்றி 1909-இல் பெருநூல் வெளியிட்ட எட்கர் தர்ஸ்டன், இம்முறை போர்னியோத் தீவின் தயாக்கு மக்களுடைய முறையை ஒத்திருப்பதைக் கண்டு குறித்து வைத்தார். நீலகிரியின் குறும்பர்கள் செங்குத்தான பாறைகளில் தொங்கும் தேனடைகளை எடுக்கக் காட்டுக் கொடிகளால் ஏணி பின்னி, பாறையின் உச்சியிலிருந்து கீழே இறங்கினார்கள்.

தேனெடுக்கும் பழங்குடியினர் சிலரிடையே ஓர் அழகிய வழக்கம் உண்டு. மேலே கயிற்றைக் காத்து நிற்கும் பொறுப்பு இறங்குபவனுடைய மைத்துனனுக்கே தரப்படும். தன் உடன்பிறந்தாள் கைம்பெண் ஆவதை எந்த அண்ணனும் தம்பியும் விரும்ப மாட்டான் அல்லவா? கயிறு எவ்வளவு உறுதியானதோ, அவ்வளவு உறுதியான மனம் அதைக் காப்பவனுக்கும் வேண்டும் என்பதை அம்மக்கள் உணர்ந்திருந்தார்கள்.

தென்னைக்கு வந்த துணை

நம் காலத்தில் தென்னை ஏறுவதற்கெனக் கருவிகள் வந்துள்ளன. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்னும் எளிய மனிதர் உருவாக்கிய கருவி பெரும்புகழ் பெற்றது. இரண்டு இரும்புச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி வளைக்கும் கம்பி வடம், கால் வைக்க ஒரு மிதி, கையால் பிடிக்க ஒரு பிடி. ஒரு மிதியின் மேல் உடல் எடை விழும்பொழுது அதன் வடம் மரத்தை இறுகக் கவ்வுகிறது. எடையற்ற மற்றது தளர்கிறது, அதை உயர்த்தலாம். இவ்வாறு மாறி மாறி மிதித்து ஏற, இறங்கும்போது அதே செயல் தலைகீழாக நடைபெறும். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அமர்ந்து ஏறும் வகையில் ஒரு கருவியை அமைத்துள்ளது.

1981-இல் அமைக்கப்பட்ட தென்னை வளர்ச்சி வாரியம், 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் திட்டத்தின் கீழ் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஆறு நாள் பயிற்சி அளித்து வருகிறது. ஆண்களே செய்யத்தக்கதெனக் கருதப்பட்ட ஒரு தொழிலைப் பெண்களும் கற்றுத் தேர்ந்தது இத்திட்டத்தின் நற்பயன்களில் ஒன்று.

எனினும் ஒன்றை மறக்கலாகாது. இக்கருவி ஏற உதவுவது. அதுவே காப்பு ஆகிவிடாது. மிதி நழுவினாலும், மரத்தின் பருமன் உச்சியில் குறைந்து வடம் தளர்ந்தாலும் ஆள் விழ வாய்ப்புண்டு. ஆகவே இடுப்பையும் தொடைகளையும் அணைக்கும் பட்டையொன்றை அணிந்து, அதிலிருந்து தனியே ஒரு வடத்தை மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் கருவியுடன் இவ்வடத்தையும் நகர்த்திக்கொண்டே செல்ல வேண்டும். ‘நாலு மரம்தானே, பட்டை எதற்கு?’ என்று சொல்வோர் உண்டு. விழுவதற்கு ஒரு மரம் போதும்.

ஒற்றைக் கயிற்றில் இறங்கும் கலை

தென்னைக்கும் பனைக்கும் கிளையில்லை. புளி, வேம்பு, தூங்குமூஞ்சி, அரசு போன்ற கிளை மரங்களின் கதை வேறு. புளி உலுக்கும் பருவத்தில் கிளைக்குக் கிளை தாவி, நுனி வரை சென்று, கழியால் அடித்துப் பழம் உதிர்ப்பவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். சாலையோர மரங்களையும், வீட்டுக் கூரைமேல் சாய்ந்த கிளைகளையும் வெட்டுபவர்களையும் காண்கிறோம். இத்தகைய மரங்களுக்கே ஒற்றைக் கயிற்று முறை மிகவும் ஏற்றது.

இம்முறை மலையேறுவோரிடமிருந்து வந்தது. பிரான்சு நாட்டுச் சாமொனி மலைப்பகுதியில் வழிகாட்டியாக இருந்த ழான் சார்லே, பெத்தி த்ரூ என்னும் செங்குத்தான சிகரத்தை 1879-இல் முதன்முதலாக எட்டியவர். கயிற்றை வளைத்துப் போட்டு அதன் வழியே இறங்கி, பின்னர் அதைக் கீழிருந்தே உருவி எடுக்கும் வழியை வகுத்த பெருமை அவருக்கு உரியதாகக் கூறப்படுகிறது. 1931-இல் ஆஸ்திரிய நாட்டு மலையேறி கார்ல் புரூசிக் ஒரு முடிச்சை அறிமுகப்படுத்தினார். மெல்லிய கயிற்றுக் கண்ணியைப் பருத்த கயிற்றின்மேல் சுற்றிப் போடும் இம்முடிச்சு, எடையற்ற நேரத்தில் எளிதில் நகரும். எடை விழுந்தவுடன் இறுகப் பற்றும். மலையேறுவோரிடமிருந்து குகை ஆராய்வோரும், அவர்களிடமிருந்து மரவேலை செய்வோரும் இக்கலையைக் கற்றனர்.

நம் தமிழகத்துக்கும் இது புதியதன்று. களக்காடு–முண்டந்துறைக் காட்டின் கக்காச்சிப் பகுதியில், மழைக்காட்டு மரங்களின் உச்சிப் பூக்களுக்கு மகரந்தம் கொண்டு சேர்ப்பவை எவை என்பதை ஆராய்ந்த சுபத்ரா தேவி, கணேஷ் ஆகிய அறிவியலாளர்கள் ஒற்றைக் கயிற்று முறையினாலேயே அம்மரங்களின் உச்சியை அடைந்தார்கள். அறிவியலார்க்குப் பயன்பட்ட இம்முறை நம் ஊர்ப் புளியமரத்துத் தொழிலாளிக்குப் பயன்படக் கூடாதா?

உராய்வே தடை

இம்முறையின் உட்பொருள் உராய்வு என்னும் ஒரே சொல்லில் அடங்கும். முரட்டுக் காளையைக் கட்டும்போது நம் விவசாயி என்ன செய்கிறார்? கயிற்றை முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொள்கிறார். காளை எவ்வளவு இழுத்தாலும் சிறு பிடி போதுமானதாகிறது. வழவழப்பான மரத்தூணில் கூட ஒரு முழுச் சுற்று நம் பிடியின் வலிமையை ஆறேழு மடங்கு பெருக்கும். இரண்டாவது சுற்று அதையும் மீண்டும் ஆறேழு மடங்காக்கும். கிணற்றுக்குள் கனத்த பொருளை இறக்குவோரும் இதையே செய்கின்றனர்.

கயிற்றில் இறங்கும் கருவியும் இத்தகைய முளைதான். எட்டு என்னும் எண்ணின் வடிவிலான உலோக வளையமோ, பல குறுக்குத் தண்டுகள் கொண்ட சட்டமோ, கையை விட்டாலும் தானே நிற்கும் புதுவகைக் கருவியோ, எதுவாயினும் கயிற்றை வளைத்து உராய்வை உண்டாக்குவதே அதன் வேலை. இறங்குபவர் ஒரு கையால், கருவிக்குக் கீழேயுள்ள கயிற்றைப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார். அந்தக் கை உயிர்க்கை. தரையில் பாதம் படியும் வரை அது கயிற்றை விடலாகாது.

உராய்வு வெப்பத்தைத் தரும். வேகமாக இறங்கினால் கருவி கொதித்துக் கயிற்றையே உருக்கிவிடலாம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிறுகள் ஏறக்குறைய 165 பாகை வெப்பத்தில் உருகுபவை. நைலான் 215 பாகைக்கு மேல் தாங்கும். ஆகவே இவ்வேலைக்கு உள்ளே இழைகளும் வெளியே நெய்த உறையும் கொண்ட, அதிகம் நீளாத நைலான் கயிறே தக்கது. ஐரோப்பியத் தரவிதிப்படி இவ்வகைக் கயிற்றின் உயர்தரம் குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ எடையைத் தாங்க வேண்டும். ஓர் ஆளுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை கணிசமாகக் குறையும்; திடீர் உதறலில் எடை பன்மடங்காகும்; வெயிலும் மழையும் நாளடைவில் இழைகளைத் தளர்த்தும். அதனாலேயே இவ்வளவு மிகுதி வைக்கப்படுகிறது.

மனத்தில் கொள்ள வேண்டியவை

படித்து மட்டும் இக்கலையைப் பயில முடியாது. தேர்ந்தவரிடம், முதலில் தலையளவு உயரத்தில், பலமுறை பழக வேண்டும். ஆயினும் வேலை செய்வோரும் செய்விப்போரும் பின்வருவனவற்றை அறிந்திருத்தல் நலம்.

1. கிளையைத் தேர்தல்: கயிறு தொங்கும் கவை பச்சையாக, தொடைப் பருமனில், நடுமரத்தை ஒட்டி இருக்க வேண்டும். பட்டுப்போன கிளை, பொந்து, கறையான் புற்று, காளான் முளைத்த இடம் ஆகியவற்றை நம்பலாகாது. முருங்கையும் இலவும் எளிதில் ஒடிபவை. அவற்றில் ஆளைத் தொங்கவிடக் கூடாது.

2. சோதித்தல்: ஆள் ஏறுமுன் தரையில் நின்றபடியே இருவர் சேர்ந்து கயிற்றில் தொங்கி, கிளை தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கயிற்றை மேலே போட்டு மறுமுனையை அடிமரத்தில் கட்டினால், கிளையின்மேல் விழும் பளு ஆளின் எடையைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு என்பதை மறவாதீர். இந்த ஓர் உண்மையை அறியாமையால் ஒடிந்த கிளைகள் உண்டு.

3. பட்டை: வெறும் இடுப்புக் கயிற்றில் தொங்குவது மூச்சை அடைத்து உயிருக்கே உலை வைக்கும். தொடைகளையும் இடுப்பையும் சேர்த்துத் தாங்கும் பட்டையே தேவை. இணைக்கும் கொக்கி, வாய் பூட்டிக்கொள்ளும் வகையினதாக இருக்க வேண்டும்.

4. இரண்டாம் காப்பு: இறங்குகருவியோடு புரூசிக் முடிச்சையும் கயிற்றில் இட்டு, பட்டையில் மாட்டிக்கொள்க. மயக்கம் வந்து கை தளர்ந்தாலும் முடிச்சு பற்றிக்கொள்ளும். அரிவாளோ ரம்பமோ எடுக்கும்போது, கயிறு வெட்டுப்பட நேரலாமாதலால், உள்ளே இரும்புக் கம்பி ஓடும் வடம் ஒன்றாலும் மரத்தோடு இணைந்திருத்தல் வேண்டும்.

5. நுனி முடிச்சு: கயிறு தரை வரை எட்டுகிறதா என்று பார்த்து, நுனியில் பெரிய முடிச்சு ஒன்று போடுக. கயிறு குறைந்து, கருவி நுனியைத் தாண்டி நழுவி விழுந்த தேர்ந்த மலையேறிகளும் உண்டு.

6. உடை: தொங்கும் துண்டு, தளர்ந்த வேட்டி, நீண்ட கூந்தல் ஆகியவை கருவியில் சிக்கிக்கொள்ளும். அனைத்தையும் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

7. மின்சாரம்: கம்பி அருகில் இருந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்னோட்டத்தை நிறுத்தும் வரை மரத்தைத் தொடலாகாது. ஈரக் கயிறும் பச்சை மட்டையும் மின்சாரத்தைக் கடத்தும்.

8. கயிற்றைப் பேணல்: நாள்தோறும் கயிற்றை முழுநீளமும் விரல்களால் தடவிப் பார்க்க வேண்டும். உறை கிழிந்தாலும், உள்ளே மெலிந்தோ புடைத்தோ இருந்தாலும், அது மாடு கட்டக்கூட வேறிடம் போகட்டும்; மனிதனைத் தாங்க வேண்டாம். பேட்டரி நீர், பெட்ரோல், கடும் வெயில் மூன்றும் கயிற்றுக்குப் பகை.

கீழே நிற்பவர்

மைத்துனன் கதையை மீண்டும் நினைவூட்டுகிறோம். மேலே ஒருவர் இருக்கையில் கீழே பயிற்சி பெற்ற ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தைகளையும் வழிப்போக்கரையும் விலக்குவதோடு அவர் பணி முடிவதில்லை. பட்டையில் அசைவின்றித் தொங்கும் மனிதனுக்குக் கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். தீயணைப்பு நிலையத்தார் வரும்வரை காத்திருக்க நேரமிராது. அடிமரத்துக் கட்டில் ஓர் இறக்குகருவியை முன்னதாகவே பொருத்தி, மரத்தின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நீளக் கயிறு வைத்திருந்தால், கீழிருப்பவரே மயங்கியவரை மெல்ல இறக்கி விடலாம். இறக்கியபின் அவரைச் சமமாகப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்து, 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

எவரேனும் விழுந்து விட்டால், பதற்றத்தில் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிச் செல்லும் வழக்கம் நம்மிடம் உள்ளது. இதனால் முறிந்த முதுகெலும்பு தண்டுவடத்தை அறுத்து, நடக்கக் கூடியவரை ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடத்திவிடலாம். உடலை அசைக்காமல், கழுத்தும் தலையும் ஒரே நேராக இருக்குமாறு பிடித்து, பலகையின்மேல் கிடத்தியே எடுத்துச் செல்ல வேண்டும்.

தோப்புக்குடையோர் கடமை

இனி, நம் பங்கைப் பற்றி ஒரு சொல். மரம் நம்முடையது, காய் நம்முடையது, உயிர் மட்டும் அவருடையது என்று இருந்து விடலாமா? ‘அவருக்குப் பழக்கம்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்கிறோம். பழக்கம் உள்ளவரே அதிகம் ஏறுகிறார். அதிகம் ஏறுபவருக்கே ஆபத்தும் அதிகம்.

தோப்பு வைத்திருக்கும் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு நல்ல பட்டையையும் கயிற்றையும் வாங்கிப் பொதுவில் வைக்கலாம். மழையன்று மரமேறச் சொல்லாதிருக்கலாம். முப்பது மரம் முடித்துச் சோர்ந்தவரை, ‘இன்னும் இரண்டுதானே’ என்று வற்புறுத்தாதிருக்கலாம். பட்டை மாட்டிக்கொள்ள ஆகும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கொடுக்கலாம். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, அவசரத்தை நாமே விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதை உணர வேண்டும்.

தென்னை வளர்ச்சி வாரியம் மரமேறுவோருக்கென ‘கேர சுரக்ஷா’ என்னும் விபத்துக் காப்பீட்டை நடத்துகிறது. கட்டணத்தின் பெரும்பகுதியை வாரியமே ஏற்கிறது. பனைத் தொழிலாளருக்கென நம் மாநிலத்தில் நல வாரியமும் உண்டு. இவற்றை அறியாமலே பலர் இருக்கின்றனர். எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள், தம் ஊரில் மரமேறும் ஒவ்வொருவருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்விப்பார்களானால், அது ஒரு மாலைப்பொழுதில் முடியக்கூடிய பெருந்தொண்டாகும். கோவில் வளாகத்து மரங்களைக் கழிக்கும்போது, பட்டையும் கயிறுமின்றி எவரையும் ஏற்றுவதில்லை என்று பங்குப் பேரவைகள் முடிவு செய்தால், ஊரார் அனைவருக்கும் அது பாடமாக அமையும்.

அடுத்த தேங்காய் வெட்டுக்கு ஆள் வரும்போது, ‘எத்தனை மரம்?’ என்று கேட்குமுன், ‘பட்டை கொண்டு வந்தீர்களா?’ என்று நம் வீட்டார் கேட்கட்டும். இல்லை என்று அவர் சொன்னால், அன்று காய் மரத்திலேயே இருக்கட்டும். ஒரு வாரம் தாமதித்தால் தேங்காய் கெட்டுவிடாது.